27ஆம் கிழமை வரிசை: இதை நிறுத்தலாமா, கூடாதா?

கடலோரன் (இழையைத் தொடங்கியவர்)
ஷவ்வால் 3, இரவு 11.40

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு விஷயம் மனசுல கிடந்து உறுத்துது, தூக்கம் வரல, அதான் எழுதுறேன். எனக்கு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில ஒரு சின்ன ஊர். பதினோரு வருஷம் துபாய்ல இருந்துட்டு போன வருஷம்தான் திரும்பினேன். வந்ததும் ஜமாஅத்துல இளைஞர் பொறுப்பைத் தலையில கட்டிட்டாங்க. பொறுப்புன்னா பெரிசா ஒண்ணுமில்ல. நோன்புக் கஞ்சி அண்டா தூக்கணும், பெருநாள் திடல்ல பாய் விரிக்கணும், 27ஆம் கிழமைக்கு மறுநாள் வரிசையைப் பாத்துக்கணும்.

எங்க பக்கத்து ஆட்களுக்கு அந்த வரிசையை விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். ரமலான் 27ஆம் இரவைத்தான் 27ஆம் கிழமைங்குறோம். மறுநாள் காலையில வசதியானவங்க ஜகாத், அதாவது ஏழைகளுக்குக் குடுக்க வேண்டிய கடமையான பங்கைக் குடுப்பாங்க. சுபுஹு தொழுதுட்டு வெளியே வர்றப்பவே தெரு நிறைஞ்சு கிடக்கும். சுத்துப்பட்டுல இருந்து வேன் பிடிச்சு வருவாங்க. முக்கால்வாசி பொம்பளைங்க, பாதிப் பேர் இடுப்புல பிள்ளை. ஒரு ஹாஜியார் வீட்டுத் திண்ணையில மேசை, மேசையில 200 ரூபாய் நோட்டுக்கட்டு. ஆளுக்கு ஒரு நோட்டு. ரெண்டாந்தடவை வந்துடக் கூடாதுன்னு உள்ளங்கைக்குப் பின்னாடி மார்க்கர் பேனாவால ஒரு கோடு. அந்தக் கோடு போடுற வேலை எனக்கு.

600 கைக்கு மேல போட்டிருப்பேன். பத்து மணி இருக்கும், நோன்பு வேற, வெயில் வேற. ஒரு கை நீண்டுச்சு. முகம் முழுக்க மூடியிருந்தாங்க. ஆட்காட்டி விரல் நகம் நடுவுல பிளந்து ரெண்டா வளந்திருந்துச்சு. மிஷின் ஊசி ஏறின விரல். அந்த விரலை எனக்கு ஏழு வயசுல இருந்து தெரியும். எங்க பின்தெருத் தையல் லாத்தா, தையல்கார அக்கா. என்னோட எத்தனையோ பெருநாள் சட்டைக்கு அளவெடுத்த கை அது.

நான் நிமிர்ந்து பாக்கல. கோடு போட்டேன். நடுங்கினது அவங்க கையா என் கையான்னு இப்பவும் தெரியல.

என் கேள்வி இதுதான். ஒரு வருஷத்து ஜகாத்தை 200, 200ஆ உடைச்சு, கேட்டு வர்றவங்களை வெயில்ல நிக்க வச்சு, கையில கோடு போட்டுக் குடுக்குறது ஜகாத்தா? எங்க ஊர்ல இதை நிறுத்திட்டு, ஒரு கமிட்டி வச்சு பைத்துல்மால்ல (பொது நிதியில) சேர்த்துக் குடுக்கச் சொல்லி ஜமாஅத் கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?

---

பழைய செயலாளர்
ஷவ்வால் 4, காலை 6.15

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி.

நானும் இருபது வருஷம் ஜமாஅத்துல குப்பை கொட்டினவன். உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஹாஜியார் அந்த 200ஐக் குடுக்கலன்னா அந்த 600 பேருக்கும் யாரு குடுப்பா? நீங்களா, நானா? குடுக்குறவரை நிறுத்துறது சுலபம். நிறுத்தின பிறகு அவர் அந்தப் பணத்தை உங்க கமிட்டியில கொண்டுவந்து கட்டுவார்னு நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. பணம் அவர் பெட்டியிலேயே இருந்துடும்.

---

கொழும்பு நானா
ஷவ்வால் 4, காலை 9.02

நான் கொழும்பு. இந்தத் தலைப்பைக் கண்டதும் எனக்கு மாளிகாவத்தைதான் ஞாபகம் வந்தது.

2020 மே 21. கொரோனா நேரம், நோன்பு முடிய இரண்டு மூன்று நாள்தான். ஒரு வர்த்தகர் ஏழைகளுக்குக் காசு கொடுக்கிறார் என்று கதை பரவி, ஒரு சின்ன இடத்துக்குள்ளே சனம் முண்டியடித்தது. மூன்று பெண்கள் மௌத்தாகிவிட்டார்கள். நோன்போடு வீட்டை விட்டுப் போன உம்மாமார். காசு கொடுத்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அந்தச் சனம் அங்கே வந்தது, நெரிந்தது எல்லாம் அந்த முறையால்தான்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த காரியமும் இல்லை. இந்தோனேசியாவில் பசுருவான் என்ற ஊரில் 2008 நோன்பில் ஒரு பணக்காரர் வீட்டு வாசலில் 21 பெண்கள் நெரிசலில் இறந்தார்கள். ஆளுக்கு 30,000 ருபியா கொடுத்தார்களாம். கேட்கப் பெரிய கணக்காக இருக்கும், எங்கள் காசுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுச் சாமானுக்குக் கொஞ்சம் மேலே. 2023இல் யெமன் சன்ஆவில் பெருநாளைக்கு ஓரிரு நாள் இருக்கும்போது 80 பேர் அளவில். அங்கே ஆளுக்கு 5,000 ரியால்.

மூன்று இடத்திலும் ஒரே காட்சி. ஒரு கதவு, ஒரு கொடுக்கிறவர், ஆயிரம் கை. தம்பி, உங்கள் ஊரில் இன்னும் ஒருவரும் விழவில்லை என்றால் அது அல்லாஹ்வின் ரஹ்மத். ஏற்பாடு சரியாக இருந்ததால் என்று எண்ணிவிட வேண்டாம்.

---

தர்ஸ்
ஷவ்வால் 4, பகல் 2.30

அஸ்ஸலாமு அலைக்கும். மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறவன் என்ற முறையில் நாலு வார்த்தை.

"இது ஜகாத்தா" என்றால், ஆம், ஜகாத்தான். வாங்கியவர் தகுதியுள்ள ஏழையாக இருந்து பணம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கடமை நிறைவேறிவிடும். அதில் குழப்பம் வேண்டாம். இதுதான் ஜகாத்தின் நோக்கமா என்று கேட்டால்தான் பேச்சு நீளும்.

கடற்கரைக்காரர்களும் இலங்கைக்காரர்களும் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப், அதாவது சட்டப்பிரிவு. அதன் சட்ட நூலான மின்ஹாஜில் நவவி இமாம் என்ன சொல்கிறார்? ஏழைக்கு ஒரு வருடத் தேவைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, அதைவிடச் சரியானது அவருடைய சராசரி ஆயுள் முழுமைக்கும் போதுமான அளவு கொடுப்பதுதான் என்கிறார். ஆயுளுக்கும் சோற்றை மூட்டை கட்டிக் கொடுப்பது என்று பொருள் இல்லை. தொழில் தெரிந்தவருக்குத் தொழில் கருவி, வியாபாரிக்கு முதல், ஒன்றும் தெரியாதவருக்கு வருமானம் தரும் ஒரு சொத்து. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பாடம் இது. பாடம் முடிந்து வெளியே வந்தால் தெருவில் 200 ரூபாய் வரிசை.

கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக அபூ உபைதின் கிதாபுல் அம்வால் என்ற பழைய நூலில் வருகிறது: "கொடுத்தால் தன்னிறைவாக்கிக் கொடுங்கள்." ஹனஃபி மத்ஹபில் ஒரே ஆளுக்கு நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்சச் சொத்து) அளவோ அதற்கு மேலோ கொடுப்பதை வெறுக்கத்தக்கது என்பார்கள், அவர் கடனாளியாகவோ பெரிய குடும்பஸ்தராகவோ இருந்தால் தவிர. ஆனால் 200 ரூபாய்க்கும் நிஸாபுக்கும் நடுவே எவ்வளவு பெரிய மைதானம் கிடக்கிறது!

இன்னொன்று. யார் மிஸ்கீன் (வறியவர்) என்பதற்கு புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸ், நபிமொழி. ஒரு கவளம் இரண்டு கவளத்துக்கும், ஒரு பேரீச்சை இரண்டு பேரீச்சைக்கும் மக்களைச் சுற்றிச் சுற்றி வருகிறவர் அல்ல மிஸ்கீன். போதிய வசதி இல்லாமல், இல்லை என்பதும் பிறருக்குத் தெரியாமல், எழுந்து போய்க் கேட்காமலும் இருக்கிறாரே, அவர்தான். குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனமும் இதையே சொல்கிறது. விவரம் தெரியாதவன் அவர்களைப் பணக்காரர் என்று எண்ணிவிடுவான், அவர்களுடைய அடையாளத்தைக் கொண்டு நீர் அறிந்துகொள்வீர் என்று.

தம்பி ஒரு நகத்தைப் பார்த்து அறிந்தாரே, அதைப் படித்ததும் இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது.

---

மண்ணடி மாலிக்
ஷவ்வால் 4, மாலை 5.10

எல்லாம் சரி. நிஸாப் எதுன்னே ஊர்ல முடிவாகலையே? தங்கம்னா 85 கிராம், பத்தரைப் பவுனுக்கு மேல. வெள்ளின்னா 595 கிராம், அது ஒரு பவுன் ஒன்றரைப் பவுன் விலைதான். வெள்ளிக் கணக்கு பாத்தா காதுல தோடு, கழுத்துல ஒரு மெல்லிசுச் சங்கிலி கிடக்குற பொம்பளையும் பணக்காரி. அப்புறம் ஒரே பொருளுக்கு ஒரு தடவை குடுத்தா போதுமா, வருஷா வருஷமா...

---

மட்டுறுத்துனர்
ஷவ்வால் 4, மாலை 5.25

மாலிக் பாய், கடைசி வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஒரு தடவையா, வருடா வருடமா" என்பதற்கு இங்கே ஏற்கனவே நீண்ட இழைகள் இரண்டு உண்டு. இரண்டையும் பூட்டி வைத்திருக்கிறேன். ஏன் பூட்டினேன் என்பது பழையவர்களுக்குத் தெரியும். இங்கே வரிசையைப் பற்றி மட்டும்.

---

நெல்லை வக்கீல்
ஷவ்வால் 4, இரவு 8.45

கடலோரன், நான் கொஞ்சம் கடுமையாப் பேசுறவன், மன்னிக்கணும்.

ஒருத்தர் முகத்தை மூடிக்கிட்டு வந்திருக்காங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே? நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? மாவட்டம் போட்டு, தெரு போட்டு, தொழில் போட்டு, நகம் வரைக்கும் வர்ணிச்சு எழுதிட்டீங்க. உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இதைப் படிச்சா போதும். அந்த லாத்தா வரிசையில நின்னப்ப அவங்களைத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். இப்ப எத்தனை பேர்?

தர்மத்தைச் சொல்லிக்காட்டிப் பாழாக்காதீங்கன்னு குர்ஆன் சொல்றது குடுத்தவருக்கு மட்டுமில்ல, கோடு போட்டவருக்கும் சேர்த்துத்தான்.

---

கடலோரன்
ஷவ்வால் 4, இரவு 11.58

வக்கீல் காக்கா சொன்னது சுருக்குன்னு தைச்சுது. பதில் எழுத முடியல, ரெண்டு தடவை எழுதி அழிச்சேன்.

முதல் பதிவுல ஊர், தெரு, அடையாளம் சிலதை மாத்தச் சொல்லி மட்டுறுத்துனருக்கு எழுதிட்டேன். இப்ப நீங்க படிக்கிறது மாத்தினதுதான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

---

ஒரு உம்மா
ஷவ்வால் 5, காலை 11.20

எனக்கு எழுத வராது. மகள் போன்ல இருந்து மகள்தான் எழுதுறா, நான் சொல்லச் சொல்ல.

நான் வரிசையில நிக்கிற ஆள். ஆறு வருஷமா நிக்கிறேன். இங்க நீங்க எல்லாரும் வரிசை வேண்டாம், கமிட்டி வேணும், பைத்துல்மால் வேணும்னு பேசுறீங்க. நான் ரெண்டையும் பாத்தவ. சொல்றேன்.

வரிசையில ஒரு நாள். விடிகாலையில கிளம்பினா பிற்பகல் அசர் தொழுகைக்குள்ள பதினாலு பதினைஞ்சு வீடு. ஒரு வீட்ல 50, ஒரு வீட்ல 200, ஒரு வீட்ல சேலை. இந்த வருஷம் 2,350 ரூபாயும் ரெண்டு சேலையும். கால் வீங்கிப் போச்சு. ஆனா யாரும் என் பேர் கேக்கல.

எங்க பக்கத்து ஊர் ஒண்ணுல கமிட்டி வச்சாங்க. எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். ஃபாரம் குடுத்தாங்க. ரேஷன் கார்டு, ஆதார், புருஷன் மௌத்தான சர்டிபிகேட், முஹல்லா தலைவர் கையெழுத்து. கையெழுத்துக்கு மூணு தடவை போனேன். மூணாந்தடவை அவர் சம்சாரம் "இவ்வளவு தூரம் நடக்கத் தெம்பு இருக்குல்ல, வேலைக்குப் போகலாமே"ன்னு சொன்னாங்க. கடைசியில 1,500 ரூபாயும் ஒரு மளிகைப் பையும் குடுத்தாங்க. குடுக்குறப்ப படம் பிடிச்சாங்க. நாலு பேர் பையைப் பிடிச்சிருக்காங்க, நடுவுல நான். வாட்ஸ்அப்ல போட்டாங்க. என் மகள் மதரஸாவுக்குப் போன இடத்துல ஒரு பிள்ளை "உங்க உம்மா போட்டோ பாத்தேன்"னு சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகு அவ ரெண்டு நாள் மதரஸாவுக்குப் போகல.

அதனால எனக்கு வரிசைதான் நல்லது. வரிசையில முகத்தை மூடிக்கலாம்.

---

கொழும்பு நானா
ஷவ்வால் 5, பகல் 12.05

தங்கச்சி, நீங்கள் சொன்னதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எனக்கே பாதிதான் சரி என்று படுகிறது.

---

பழைய செயலாளர்
ஷவ்வால் 5, பகல் 3.40

அந்தப் படம் பிடிக்கிற வியாதி எங்க காலத்துல கிடையாது. இப்ப ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் குடுக்கணும்னா அஞ்சு பேர் சேர்ந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கேட்டா, வெளிநாட்ல இருந்து பணம் அனுப்புறவங்களுக்குக் கணக்குக் காட்டணுமாம். வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்ன மார்க்கத்துல, ஜித்தாவுல இருக்குற கைக்கெல்லாம் தெரிய வைக்கிறோம்.

கணக்கு வேணும்தான், இல்லேங்கல. ரசீது போடுங்க, தணிக்கை வைங்க. கணக்கை எண்ணுல காட்டணும், முகத்துல காட்டக் கூடாது.

ஆனா தர்ஸ் சொன்னாரே தொழில் கருவி, அதுல எனக்கு ஒரு அனுபவம். ஒரு வருஷம் நாலு பேருக்குத் தையல் மிஷின் வாங்கிக் குடுத்தோம். ரெண்டு மிஷின் ஆறு மாசத்துல அடகுக்கடைக்குப் போயிடுச்சு. ஒண்ணு மூலையில துணி மடிச்சு வைக்கிற மேசையாச்சு. ஏன்னா தைக்கத் தெரியுமான்னு நாங்க கேக்கவே இல்ல. மிஷின் குடுத்தா பத்திரிகையில போடலாம்னு ஒருத்தர் சொன்னார், குடுத்துட்டோம். நாலாவது ஆளு மட்டும் நல்லா வந்துச்சு. அவங்களுக்கு முன்னாடியே தொழில் தெரியும்.

---

வலைக்காரன்
ஷவ்வால் 5, இரவு 9.15

நான் முஸ்லிம் இல்லை. கடலூர் மாவட்டத்துல பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்து மீனவக் கிராமம். நண்பர் ஒருத்தர் இந்த இழையை அனுப்பினார், படிச்சிட்டு சும்மா போக மனசு வரல.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. எனக்கு ஒன்பது வயசு. அலை வந்து எங்க குப்பத்தை வழிச்சு எடுத்துட்டுப் போன பிறகு ஓடி வந்தது பரங்கிப்பேட்டைக்கு. அன்னைக்கு அந்த ஊர்ல ஒரு கல்யாணம். கல்யாணத்துக்கு ஆக்கி வச்ச சாப்பாட்டை அப்படியே எங்களுக்கு எடுத்துப் போட்டாங்க. ஜமாஅத்து ஆளுங்க அதுக்குப் பிறகும் பல நாள் சோறு போட்டாங்க. ஈரத் துணியோட உக்காந்து சாப்பிட்டேன். பக்கத்துல எங்க அம்மா சாப்பிடாம அழுதுக்கிட்டே இருந்துச்சு. ஒரு வயசான பாய் வந்து, "சாப்பிடு தாயி, அழுவுறதுக்கும் தெம்பு வேணும்ல"ன்னாரு.

அன்னைக்கு யாரும் எங்களை வரிசையில நிக்கச் சொல்லல. நீ எந்த ஜாதி, எந்த மதம்னு கேக்கல. நாகூர் தர்கா இடத்துலயும் அப்ப எல்லா மதத்து ஆளுங்களையும் அடக்கம் பண்ணாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சாப்பாடு ஜகாத் கணக்குல வருமா?

---

தர்ஸ்
ஷவ்வால் 5, இரவு 10.50

வலைக்காரன் அவர்களுக்கு. வராது. கடமையான ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஃபித்ராவை (நோன்புப் பெருநாள் தர்மத்தை) பிற மத ஏழைக்கும் கொடுக்கலாம் என்றார் அபூஹனீஃபா இமாம். நீங்கள் சாப்பிட்டது ஸதகா (விரும்பிச் செய்யும் தர்மம்), அதோடு அண்டை வீட்டார் உரிமை. ஜகாத்தைப் போல அதற்கு இரண்டரை சதவீதம் என்று வரம்பு கிடையாது. "குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி ஊற்று, அண்டை வீட்டாரையும் கவனி" என்று தோழர் அபூதர்ருக்கு நபி (ஸல்) சொன்னார்கள். இன்னொரு தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு வீட்டில் ஆடு அறுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்பதுதான். திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், நம் ஆட்கள் பலர் இரண்டரை சதவீதத்தை எடுத்து வைத்துவிட்டால் சமூகத்தோடு கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். குர்ஆனின் மாஊன் சூராவில் (அத்தியாயத்தில்) தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று வருகிறதே, அந்தக் கேட்டுக்கான காரணங்களில் ஒன்று, அற்பமான புழங்கு பொருளைக்கூட இரவல் தர மறுப்பது. பாத்திரம், வாளி, கோடாரி என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் ஏணி கேட்டால் கொடுக்கிறோமா?

---

பலசரக்கு
ஷவ்வால் 6, காலை 7.30

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். நான் மளிகைக் கடைக்காரன். ஊர் வேண்டாம்.

எங்க ஊர்ல யாரு வீட்ல அடுப்பு எரியலங்குறது பள்ளிவாசலுக்குத் தெரியாது, கமிட்டிக்குத் தெரியாது. என் பற்று நோட்டுக்குத் தெரியும். வழக்கமா மாசம் 25 கிலோ அரிசி வாங்குற வீடு 10 கிலோ சிப்பம் வாங்க ஆரம்பிச்சா என்னமோ ஆகிப்போச்சு. 10 கிலோ போய் அரைக்கிலோ அரைக்கிலோவா பிள்ளையை அனுப்பி வாங்குனா சம்பாதிக்கிறவருக்கு வேலை போயிருக்கும், இல்ல படுத்திருப்பாரு. பால் பவுடர் நின்னா ஒண்ணு, டீத்தூள் நின்னா ஒண்ணு. பெரிய வீட்டு ஆட்களும் இதுல அடக்கம்.

ஏழெட்டு வருஷமா ஒருத்தர் நோன்பு 25 வாக்குல கடை சாத்துற நேரத்துக்கு வருவாரு. "3,000க்கு மேல நிக்கிற கணக்கு எத்தனை?"ம்பாரு. பேர் கேக்க மாட்டாரு. நான் எண்ணிச் சொல்லுவேன். மொத்தத்தை எண்ணி வச்சிட்டுப் போயிடுவாரு. நான் அந்தப் பக்கத்துல குறுக்குக் கோடு போட்டு, அவங்க வர்றப்ப "கணக்கு தீந்துடுச்சு"ன்னு மட்டும் சொல்லுவேன். யாருன்னு கேட்டா எனக்கே மறந்துபோச்சும்பேன்.

ஒரு உம்மாவுக்கு நான் சொல்றது, ஃபாரம் இல்லாம, படம் இல்லாம, முகத்தை மூடாமயும் முடியும்.

---

தர்ஸ்
ஷவ்வால் 6, காலை 10.10

பலசரக்கு பாய், மாஷா அல்லாஹ். ஆனால் ஒரு மசலா (சட்டப் பிரச்சினை) இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளி. கடனாளியின் அனுமதி இல்லாமல் அவருடைய கடனை அடைத்தால் அது அழகான ஸதகா. ஜகாத் கடமை நிறைவேறாது. ஜகாத்தில் பணம் அவருக்கு உடைமையாக வேண்டும், அல்லது அவர் சம்மதத்தோடு கடன்காரருக்குப் போக வேண்டும். அந்த மனிதர் ஜகாத் நிய்யத்தில் (எண்ணத்தில்) தருகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

---

பலசரக்கு
ஷவ்வால் 6, இரவு 9.40

கேட்டேன். ஜகாத்தானாம். மனுஷன் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. ஏழு வருஷத்துக் கணக்கை எப்படி எடுக்குறதுன்னு. எங்க ஊர் ஆலிம் ஹஜ்ரத் கிட்ட அனுப்பிவிட்டிருக்கேன்.

அனுமதி வாங்க ஒரு வழி யோசிச்சேன். பற்று வச்சிருக்குற எல்லார்கிட்டயும் பொதுவா "யாராச்சும் உங்க கணக்கை அடைக்க வந்தா வாங்கிக்கவா?"ன்னு இன்னைக்கே கேட்டுப் பாத்தேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. அதுல ஒருத்தர் ரெண்டு மாடி வீட்டுக்காரர், மூணு கடை வாடகைக்கு விட்டிருக்காரு, 11,000 பாக்கி. "தாராளமா வாங்கிக்கங்க"ன்னு சிரிக்கிறாரு!

---

நெல்லை வக்கீல்
ஷவ்வால் 7, காலை 8.00

அந்தப் பெரிய மனுஷனுக்கு நோட்டீஸ் வேணும்னா சொல்லுங்க, இலவசமா அடிச்சுத் தர்றேன்.

ஆனா கடை நோட்டுல ஒரு ஆபத்து இருக்கு. நீங்க வாய் இறுக்கமான ஆள். எல்லாக் கடைக்காரரும் அப்படியா? கமிட்டிக்காரங்க வந்து "நோட்டைக் காட்டு"ன்னா காட்டக் கூடாது. தொகை மட்டும் போகட்டும், பேர் கடையைத் தாண்டக் கூடாது.

---

கடலோரன்
ஷவ்வால் 26, இரவு 10.30

கொஞ்ச நாள் ஆகிப்போச்சு. நடந்ததைச் சொல்றேன். தையல் லாத்தாவோட சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன். "நாலு பேருக்குப் பிரயோசனம்னா எழுது, அடையாளத்தை மட்டும் விடு"ன்னாங்க. நகம்னு எழுதியிருந்தேனே, அது உண்மையில வேற அடையாளம்.

உம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு சட்டைத் துணியைக் கையில எடுத்துக்கிட்டு, தைக்கக் குடுக்குற மாதிரி. மிஷின் மூடி கிடந்துச்சு. மோட்டார் எரிஞ்சு நாலு மாசமாம். சரி பண்ண குழுவுல வாரக் கடன் எடுத்திருக்காங்க. அந்தப் பணம் மருமகன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிடுச்சு. மோட்டாரும் இல்ல, வருமானமும் இல்ல, திங்கக்கிழமை ஆனா 1,150 ரூபாய் தவணை. கட்டலன்னா குழுவுல இருக்குற மத்தப் பொம்பளைங்க வாசல்ல வந்து நிக்கணும், அதுதான் அந்தக் கடனோட ஏற்பாடு. வரிசையில நின்னது சோத்துக்கு இல்ல. அந்தத் திங்கக்கிழமைக்கு.

ஜகாத் வாங்கலாம்னு குர்ஆன் சொல்ற எட்டு வகை ஆட்கள்ல கடனாளியும் வர்றாங்க, ஜகாத் எடுத்துக்கங்கன்னு சொன்னேன். ஒரே மறுப்பு. "எனக்குக் கை இருக்கு தம்பி"ன்னாங்க. அதுக்கு மேல வற்புறுத்த உம்மா விடல. கடைசியில கர்ழ ஹஸனான்னு, அதாவது வட்டியில்லாக் கடனா, 18,000 வாங்கிக்கிட்டாங்க. வாரக் கடன் முடிஞ்சு போச்சு, மோட்டாரும் போட்டாச்சு. மாசம் 500 திருப்பித் தர்றதா அவங்களே சொன்னாங்க. மதரஸாப் பிள்ளைங்க சீருடை 80 செட் அவங்ககிட்டக் குடுத்திருக்கோம். தயவுக்காக இல்ல, டவுன்ல கேட்டதைவிடக் கூலி குறைச்சல்.

ஜமாஅத் கூட்டத்துலயும் பேசினேன். ஹாஜியார் சொன்னாரு, "என் வாப்பா குடுத்த வரிசை, என் காலத்துல நிக்காது." பழைய செயலாளர் சொன்னதுதான் நடந்துச்சு. ஆனா ரெண்டு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாரு. அடுத்த வருஷம் பந்தல் போட்டு நாற்காலி போடுறது. கையில கோடு கிடையாது. ஒருத்தர் ரெண்டு தடவை வாங்கினா வாங்கிட்டுப் போகட்டுமாம். "ரெண்டாந்தடவை வெயில்ல நிக்கிறவளுக்கு ரெண்டு மடங்கு தேவை இருக்கும்"னாரு. அந்த மனுஷன் வாயில இருந்து இதை நான் எதிர்பாக்கல.

மூணு கடைக்காரர்கிட்ட நோட்டு விஷயம் பேசியிருக்கேன். ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. ஒருத்தர் யோசிக்கிறாரு. ஒருத்தர் கணக்கே எழுதுறதில்லையாம், எல்லாம் மனசுலயாம்.

நேத்து லாத்தா முதல் 500ஐ உம்மாகிட்டக் குடுத்து அனுப்பியிருந்தாங்க. சீருடை வெட்டின துண்டுத் துணியில முடிஞ்சு.

---

ஒரு உம்மா
ஷவ்வால் 27, காலை 6.50

80 செட்டு ஒரு ஆளு தைக்க முடியாதே தம்பி. அந்த லாத்தாவுக்கு ஆள் வேணுமான்னு கேளுங்க. எனக்குக் கட்டிங் தெரியாது. காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், கை மடிப்பேன். வீட்டுக்குக் குடுத்தனுப்பினாலும் சரி, நான் வந்தாலும் சரி.

---

கடலோரன்
ஷவ்வால் 27, காலை 7.05

கேட்டுட்டேன் லாத்தா. சட்டைக்கு எவ்வளவு எதிர்பாக்குறீங்கன்னு கேக்குறாங்க. தனிமடல் அனுப்பியிருக்கேன், மகளைப் பாக்கச் சொல்லுங்க.